அரண்மனைக்காரத் தெருவின் அச்சுக்காரர்

அரண்மனைக்காரத் தெருவில் கைவண்டிக்கும் மினி லாரிக்கும் நடுவே ஒருக்களித்து நடக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. மண்ணடியில் பிறந்து வளர்ந்தவன் நான். கலிஃபோர்னியாவில் க்ளெண்டேல் என்ற ஊரில் குடியேறிப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. அம்மா இருந்தவரை அவ்வப்போது வருவேன். வந்தாலும் டாக்டர், பேங்க், உறவுக்காரர் வீடு என்றே லீவு தீர்ந்துவிடும். அம்மா போனபின் வெகுகாலம் இந்தப் பக்கம் வரவில்லை. இந்த முறை வந்தது ஒரு கல்லறையைப் பார்க்க. அது எங்கள் குடும்பத்தில் யாருடையதும் இல்லை.

உயர் நீதிமன்றத்தின் எதிர்ச்சாரியில் கடைகளும் பேருந்துகளும் போடும் இரைச்சலிலிருந்து தெருவுக்குள் திரும்பி நடந்தால், ஒரு வெள்ளை மதிலும் கனமான மரக்கதவும் வரும். 1712 என்று எழுதியிருக்கும். அது அர்மேனியர்களின் மாதா கோயில். முதல் கோயில் எழுந்த ஆண்டு அது. இப்போது நிற்கும் கட்டடம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கதவைத் தாண்டி உள்ளே போனால் கள்ளிமந்தாரை மரங்கள், நீண்ட தாழ்வாரம், தரையோடு தரையாகப் பதித்த கல்லறைக் கற்கள். ஏறக்குறைய 350 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். கால் வைக்குமிடமெல்லாம் அர்மேனிய எழுத்து. சில கற்களில் பொறிப்பு தேய்ந்துபோய் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

கோயிலை ஒட்டித் தனியாக ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதில் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ. இரண்டு மணிகள் லண்டனில் தாமஸ் மியர்ஸ் பட்டறையில் 1837இல் வார்த்தவை. இன்னொன்று 1754ஆம் ஆண்டு மணி, 1808இல் உருக்கி மறுபடி வார்த்தது. அதில் தமிழ் எழுத்து பொறித்திருக்கிறது. சென்னையில் இன்று அர்மேனியச் சமூகம் என்று சொல்ல யாரும் இல்லை. கோயிலைக் கொல்கத்தாவில் இருக்கும் அர்மேனியச் சபைக் குழு பராமரிக்கிறது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் காலை ஒன்பதரைக்குக் காவலர் மேலே ஏறி மணிகளை அடிக்கிறார். வழிபட ஆள் இல்லாத கோயிலின் மணியை வாராவாரம் அடிப்பதைவிடப் பெரிய மரியாதை எதையும் இந்த நகரத்தில் நான் பார்த்ததில்லை.

நான் தேடிவந்த கல்லறை ஹருத்யூன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியாருடையது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தவர். ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்த மனிதர். மதராஸில் இந்தக் கோயிலுக்குக் குருவாக வந்தார், அச்சுக்கூடம் வைத்தார், 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். 1796 வரை 18 இதழ்கள் வந்தன. உலகத்திலேயே அர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். அர்மேனியாவிலும் இல்லை, இஸ்தான்புல்லிலும் இல்லை, நான் தினமும் பள்ளிக்கூடம் போன வழியில் அச்சானது. 1824இல் காலமான அவரை இந்த முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

க்ளெண்டேலில் அர்மேனியர்கள் ஏராளம். ரொட்டிக் கடை, பள்ளி, வங்கி என்று எங்கு போனாலும் அந்த மொழி காதில் விழும். எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன், புரியவில்லை. மதராஸ் என்றதும் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் பத்திரிகை பிறந்த ஊர் என்று பள்ளிப் பாடத்தில் படித்தாராம். தாஜ்மகாலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷ்மாவோன்யானின் கல்லறையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் சொல்லித்தான் ஷாஹமீர் ஷாஹமீர்யானைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். மதராஸில் பெரும் பொருள் சேர்த்த வணிகர் அவர். 1772இல் இங்கே அர்மேனிய அச்சுக்கூடம் நிறுவியவர். அவர் வெளியிட்ட புத்தகங்களில் ஒன்று, 1773 என்று ஆண்டு போட்டது, விடுதலை பெற்ற அர்மேனியாவுக்கான அரசியல் சாசனம். 521 பிரிவுகள். அரசர் கிடையாது, மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றம் ஆளவேண்டும் என்கிறது. அப்போது அர்மேனியா உஸ்மானியப் பேரரசிடம் பாதியும் பாரசீகத்திடம் பாதியுமாகக் கிடந்தது. இல்லாத ஒரு குடியரசுக்கான சட்டத்தை, பல ஆயிரம் மைல் தள்ளி, கொத்தவால் சாவடிப் பக்கத்திலிருந்து எழுதி அச்சிட்டிருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போனவன் ஊரை நினைத்து உருகுவது எனக்குத் தெரிந்த விஷயம். ஊருக்குச் சட்டம் எழுதித்தருவது வேறு காரியம். அதற்கு நினைப்போடு உழைப்பும் வேண்டும்.

என் அப்பாவும் அச்சுத் தொழிலாளிதான், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை. இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸ் கட்டையின் அறைகளில் பார்க்காமலே போய் எழுத்தை எடுக்கும். ணகரத்துக்கு ஓர் அறை, அதன் கொம்புக்கு ஓர் அறை, துணைக்காலுக்கு ஓர் அறை. கல்யாணப் பத்திரிகை முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் ட்ரெடில் ஓடும். அப்பா வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மை போகாது. ஆஃப்செட் வந்ததும் அந்த ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை என்று அக்கா சொல்வாள்.

ஷ்மாவோன்யானின் கல்லருகே நின்றபோது எனக்கு அப்பாவின் கைதான் மனசில் வந்தது. மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் ஐந்தாம் நூற்றாண்டில் வகுத்த அர்மேனிய எழுத்துகள் 36. அவற்றுக்கும் அச்சு வார்த்து, அறை அறையாகப் பிரித்து, கோத்து, பிழை திருத்தியிருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் மை தடவியவர், தாள் மடித்தவர், விசை இழுத்தவர் எல்லாம் யார்? இந்தத் தெருக்களின் ஆட்கள் அதில் இல்லாமல் இருந்திருக்க வழியில்லை என்றே நினைக்கிறேன்.

அதே தெருவில் கோகலே மண்டபம் இருக்கிறது. அன்னி பெசன்ட் கட்டியது. ஹோம் ரூல் பேச்சும் கச்சேரியும் நிறைந்திருந்த இடம். பாதி இடிபட்டபின் நீதிமன்றம் தலையிட்டுத்தான் மிச்சம் தப்பியது. அந்த மதிலைப் பார்த்துவிட்டு நேரே வேப்பேரிக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருக்கிறாள்.

“செத்துப்போன அர்மேனியருங்களத் தேடித்தான் அமெரிக்காலேர்ந்து வந்தியா?” என்றாள். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

வேப்பேரி செயின்ட் மத்தியாஸ் ஆலய வளாகத்தில் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் அடங்கியிருக்கிறார். 1751இல் இறந்த அர்மேனிய வணிகர். அங்கே முதலில் இருந்த கத்தோலிக்கச் சிற்றாலயம் அவர் கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் மதராஸைப் பிடித்தபோது தங்கள் பக்கம் வந்தால் சொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், இவர் மறுத்துவிட்டார். ஆனாலும் அவர் இறந்த மறு வருஷம், 1752இல், கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆலயத்தை எடுத்துப் புராட்டஸ்டண்ட் மிஷனிடம் கொடுத்துவிட்டது.

அங்கே வந்து சேர்ந்த மிஷனரிதான் ஃபெப்ரீஷியஸ் ஐயர். 1761இல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் அள்ளிவந்த அச்சுப்பொறியை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதில்தான் 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அச்சேறியது. உஸ்கானின் நிலத்தில் தமிழுக்கு ஓர் அகராதி! இதைப் படித்த நாளிலிருந்து யாரிடமாவது சொல்லவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்த எழுத்தெல்லாம் இப்ப எங்கடா இருக்கு?” கம்பாசிட்டர் மகள் வேறெதைக் கேட்பாள்.

உஸ்கானின் உடல் இங்கே இருக்க, இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி பாரசீகத்தின் ஜுல்பாவுக்கு, சொந்த மக்களிடம், அனுப்பினார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் என் பிள்ளைகளிடம் எதைச் சொல்லிவைப்பது என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன்.

பிறகு மெட்ரோ ஏறிச் சைதாப்பேட்டை போனோம். அடையாற்றின் குறுக்கே 1726இல் உஸ்கான் தன் பணத்தில் பாலம் கட்டினார். அதற்கு 30,000 வராகன் செலவானது. பராமரிப்புக்கென்றும் தனியே ஒரு தொகை எழுதிவைத்தார். ஆற்றைக் கடக்க முடியாமல் மழைக்காலத்தில் பரங்கிமலை யாத்திரிகர்கள் தவித்ததால் கட்டியது. மலைமேல் ஏறும் படிக்கட்டும் அவர் கொடைதான். பழைய பாலம் போய் 1966இல் மறைமலை அடிகள் பாலம் வந்தது. பழைய பாலத்தின் கல்வெட்டில் பாரசீகம், அர்மேனியம், லத்தீன் என்று மூன்று மொழிகள். கடந்துபோகும் பேருந்துகளில் எல்லோரும் உஸ்கானின் பெயரை அறியாமல்தான் போகிறார்கள்.

சென்னையின் பழமை என்றால் கோட்டையும் கபாலீசுவரர் கோயிலும் என்றே வெளியூர் உறவினர்களுக்குக் காட்டி அனுப்புகிறோம். அவற்றைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு தடவை அரண்மனைக்காரத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம். ஞாயிறென்றால் ஒன்பதரைக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். ஷ்மாவோன்யானின் கல் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, இவர் நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, தரையில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் அக்கா தன் பேரப்பிள்ளைகளோடு வரும் ஞாயிறு போவதாக இருக்கிறாள்.