ஆற்றில் கிடந்த வாளும் பட்டுப் பையில் இருந்த வாளும்

ஜப்பானியக் கட்டானாவையும் ஐரோப்பிய நெடுவாளையும் எதிரெதிரே நிறுத்தி, இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவது ஓயாத வழக்கம். கட்டானாவின் பக்கம் நிற்போர் ஆயிரம் மடிப்பு என்பர். காற்றில் மிதக்கும் பட்டை அறுக்கும் கூர்மை என்பர். நெடுவாளின் பக்கம் நிற்போர் இருபுற வாய், குறுக்குக் காவல், வளைந்து மீளும் தன்மை என்று எண்ணிக் காட்டுவர். இரு சாராரும் கேட்க மறக்கும் வினா ஒன்று உண்டு. அந்த இரண்டு வாள்களும் நம் காலம்வரை எவ்வாறு வந்து சேர்ந்தன?

ஐரோப்பாவின் இடைக்கால வாள்களுள் பல, கைவிடப்பட்டதனாலேயே பிழைத்தவை. பயன்பாட்டில் இருந்தவை தேய்ந்தன, முறிந்தன, மீண்டும் உலைக்குச் சென்று வேறு கருவிகளாயின. கல்லறைக்குள் போனதும் ஆற்றுச் சேற்றில் விழுந்ததும் எஞ்சின. நூறாண்டுப் போரின் இறுதிச் சமர் 1453இல் நிகழ்ந்த காஸ்தியோன் ஊருக்கு அருகே, பிரான்சின் தொர்தோஞ் ஆற்றிலிருந்து 1970களில் ஏறத்தாழ 80 வாள்கள் வெளிவந்தன. ஐந்து நூற்றாண்டுகளாக அவற்றை ஒருவரும் தொடவில்லை; அதுவே அவற்றின் நற்பேறு.

ஜப்பானில் நிலைமை வேறு. பழங்காலப் புதைமேடுகளில் கிடைத்த வாள்கள் அங்கும் துருப்பிடித்தவையே. ஆனால் காமகுரா காலத்து வாள் ஒன்று எழுநூறு ஆண்டுகளாக யாரேனும் ஒருவர் பொறுப்பில் இருந்து வந்திருக்கும். கிராம்பு எண்ணெய் பூசப்பட்டு, பூச்சற்ற மர உறையில் செருகப்பட்டு, பட்டுப் பையில் இடப்பட்டுத் தலைமுறைதோறும் கைமாறியிருக்கும். மெருகாளர்கள் பலர் சாணைக்கற்களை வரிசையாக மாற்றி மாற்றித் தேய்த்திருப்பர். இன்று அதன் மேனியில் நாம் காணும் ஒளியில் கொல்லனின் கைவண்ணம் ஒரு பங்கு. மெருகாளனின் கைவண்ணம் மற்றொரு பங்கு. அருங்காட்சியகத்தில் இதனருகே ஆற்றில் கிடந்த வாளை வைத்துப் பார்ப்பவர், இரு நாட்டுக் கொல்லர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார். அவர் பெரும்பாலும் ஒப்பிடுவது எண்ணெயையும் சேற்றையும்தான்.

உலோகத்தின் கதையும் இந்த மயக்கத்தில் சிக்கியதே. மடித்து அடித்தல் ஜப்பானுக்கு மட்டும் உரிய மறைபொருள் அன்று. இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் 1939இல் கிடைத்த ஏழாம் நூற்றாண்டு வாள், முறுக்கிய இரும்புக் கோல்களை ஒன்றாக அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. ஜப்பானியக் கொல்லன் மடித்ததற்குக் காரணமும் எளியது. ஆற்று மணலிலும் மலை மணலிலும் அரித்தெடுத்த இரும்பைக் களிமண் உலையில் மரக்கரியோடு இட்டு எடுக்கும் உருக்கில் கசடு மிகுதி. கரிமமும் சீராகப் பரவியிருக்காது. மடித்து அடிக்க அடிக்கக் கசடு வெளியேறும், கரிமம் சமனாகும். பத்து முறை மடித்தாலே 1024 அடுக்குகள் வந்துவிடும் என்பது வெறும் கணக்கு, அதில் வியப்பில்லை.

உண்மையான வேறுபாடு தோய்ச்சலில் இருக்கிறது. ஜப்பானியக் கொல்லன் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் பூசிப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கிறான். வாய்ப்பகுதி நொடியில் குளிர்ந்து கடினமாகிறது; முதுகு மெல்லக் குளிர்ந்து இளகிய தன்மையோடு நிற்கிறது. கடினமாகும் பகுதி சற்றே விரிவதால் அலகு முதுகுப்புறமாக வளைகிறது. அந்த வளைவின் ஒரு பங்கு சம்மட்டியால் வந்ததன்று, நீரால் வந்தது. ஐரோப்பாவின் பிற்கால நல்ல வாள்களோ முழு அலகும் தோய்க்கப்பட்டுப் பின் இளஞ்சூட்டில் பதப்படுத்தப்பட்டவை, வளைத்தால் மீளும். கட்டானா வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்குவன. ஐரோப்பிய வாளைத் தூக்கவே இருவர் வேண்டும் என்ற கதையை இனியேனும் விட்டுவிடலாம்.

இவற்றைவிட ஆழமான வேறுபாடு, ஆய்வாளர்கள் இவ்விரு வாள்களையும் வகைப்படுத்தும் முறையில் உள்ளது. மொழியியல் பயின்றோர்க்கு இது நன்கு பழக்கமான இடம். மொழிகளை அமைப்பு ஒப்புமை நோக்கி வகைப்படுத்துவது ஒரு முறை. பிறப்புறவு நோக்கிக் குடும்பமாகத் தொகுப்பது மற்றொன்று. நார்வே நாட்டு யான் பீட்டர்சன் 1919இல் வைக்கிங் வாள்களைக் கைப்பிடியின் வடிவு கொண்டு பிரித்தார். எவர்ட் ஓக்ஷாட் 1960களில் இடைக்கால வாள்களை முதன்மையாக அலகின் வடிவும் அளவும் கொண்டு உரோமானிய எண்களிட்டு வகுத்தார். இவை வகையியல். ஜப்பானிய வாளோ யமாத்தோ, யமாஷிரோ, பிசென், சோஷூ, மினோ என்ற ஐந்து மரபுகளுள் ஒன்றில், இன்ன ஆசிரியரின் மாணவர் கை என்று பேசப்படுகிறது. இது குடும்ப மரம். இந்த வேறுபாட்டுக்கு அறிஞர்களின் விருப்பம் மட்டும் காரணம் ஆகாது. சேற்றிலிருந்து எடுத்த வாளுக்குப் பெற்றோர் யார் என்று சொல்ல ஆளில்லை. வடிவம் ஒன்றே மிஞ்சியது.

ஆயினும் பெயர்கள் இரு புறமும் உண்டு. ஐரோப்பாவில் புகழ்பெற்றது உல்ஃப்பெர்ட் என்ற ஃபிராங்கியப் பெயர். 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ஏறத்தாழ 170 வாள்களில், இரும்புக் கம்பி பதித்து, அலகின் நடுவே, எல்லோரும் காண, சிலுவைக் குறிகளோடு எழுதப்பட்டுள்ளது. இருநூறு ஆண்டுகள் ஒரு மனிதர் வாழ்ந்திருக்க இயலாது. ஆகவே அது பட்டறையின் பெயராகவோ வணிக முத்திரையாகவோ நின்றிருக்க வேண்டும். எழுத்துக்கூட்டலும் வாளுக்கு வாள் மாறுகிறது. உலோகவியலாளர் ஆலன் வில்லியம்ஸ் இவற்றுள் பலவற்றை ஆராய்ந்தபோது, சில மிக உயர்ந்த கரிமச் செறிவுள்ள உருக்காகவும் சில வெறும் மென்னிரும்பாகவும் இருக்கக் கண்டார். போலிகள் அன்றே இருந்தன. உயர்ந்தவை மூசையில் உருக்கிய எஃகால் ஆனவை என்றும், அது கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்றும் அவர் கருதினார். இவ்விடத்தில் தமிழ் வாசகர்க்குக் கொடுமணல் உடனே நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் அந்த உலைகளையும் இந்த வாள்களையும் இணைக்கும் நேரடிச் சான்று கையில் இல்லை. முன்மொழியப்பட்ட வழியும் நடு ஆசியாவையும் வோல்கா ஆற்றையும் சார்ந்தது.

ஜப்பானியக் கொல்லன் தன் பெயரைப் பிடிக்குள் மறையும் வால்பகுதியில் வெட்டினான். அணியும்போது வெளிப்புறம் நோக்கும் பக்கத்தில் பெயர் அமைவதே பொதுவழக்கு. எனவே வாய் கீழ்நோக்கித் தொங்கவிடப்பட்ட தாச்சியா, வாய் மேல்நோக்கி இடைக்கச்சையில் செருகப்பட்ட கட்டானாவா என்பதைப் பெயர் எந்தப் பக்கம் உள்ளது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் போர்முறை மாறியபோது, நீண்ட தாச்சிகளை வால்புறமிருந்து வெட்டிக் குறுக்கினர். வெட்டுண்ட துண்டோடு பெயரும் போயிற்று. ஜப்பானில் எவரினும் புகழ்பெற்ற கொல்லன் மசமுனேயின் பெயர் பொறித்த வாள்கள் மிக அரியவை. ஏனையவை அவருடையவை என்று சொல்வது ஹோனாமி குடும்பம் போன்ற மதிப்பீட்டாளர்களின் கண். இலக்கியத்தில் பாடியோர் பெயர் தெரியாத பாடலுக்கு உரையாசிரியர் பெயர் சூட்டுவதைப் போன்றது இது.

தூய்மை பேசுவோர்க்கு ஓர் இடைக்குறிப்பு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொக்குகவா குடும்பத்துக்குப் பணிபுரிந்த எச்சிசென் யசுத்சுகு, ‘நன்பன் இரும்பால் செய்தது’ என்று வாலில் பெருமையோடு பொறித்தார். நன்பன் என்றால் தென்திசை அயலார். போர்த்துக்கீசிய, ஒல்லாந்தக் கப்பல்களில் வந்த இரும்பு அது.

எதிர்ப்புறத்தில், ஐரோப்பிய வாள்கள் சிலவற்றின் காலத்தை நாம் உறுதியாக அறிவது அரபு எழுத்தால். மம்லூக் ஆட்சியாளர்களின் கைக்கு வந்து, அலெக்சாந்திரியப் படைக்கலச் சாலையில் வைக்கப்பட்ட அவ்வாள்களில், வைப்பாக அளிக்கப்பட்ட செய்தியும் சிலவற்றில் ஆண்டும் பொறிக்கப்பட்டன. அவற்றுள் பல பின்னர் இஸ்தான்புல் சென்றன. செய்தவன் எழுதாத நாளைக் கைப்பற்றியவன் எழுதி வைத்தான்.

பேணுதலும் என்றென்றும் காக்காது. 1945இல் ஜப்பான் தோற்றதும் நேசநாட்டு ஆட்சி வாள்களை ஒப்படைக்க ஆணையிட்டது. தொக்குகவா குடும்பத்தின் ஹோன்ஜோ மசமுனே 1939இலேயே நாட்டின் அருஞ்செல்வமாக அறிவிக்கப்பட்ட வாள். அவ்வாண்டு டிசம்பரில் அது தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் கையளிக்கப்பட்டது. அடுத்த மாதம் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் அதைப் பெற்றுச் சென்றதாகப் பதிவு. அவர் பெயரைக் காதால் கேட்டு ஜப்பானிய ஒலியில் எழுதினார்கள் போலும். அந்த எழுத்துகளிலிருந்து மீட்டெடுத்த பெயர் படைப்பட்டியலில் எவரோடும் பொருந்தவில்லை என்று சொல்லப்படுகிறது. காஸ்தியோன் வாள்கள் சேற்றிலிருந்து மீண்டு வந்தன. ஹோன்ஜோ மசமுனே இன்றுவரை கிடைக்கவில்லை.