வீட்டு சேர்வருக்கு எந்த சிஸ்டம்? எந்த போல்டர் யாருக்கு?



பழைய கொம்பியூட்டர் ஒன்றை வீட்டிலுள்ள எல்லோருக்குமான படம், பயான், போட்டோப் பெட்டியாக மாற்றியிருக்கிறேன் என்று எழுதியதிலிருந்து "சேர், என்ன சிஸ்டம் போட்டீங்க?" என்று இன்பொக்ஸில் ஒரே கேள்வி. தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரெம். அதில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயதுப் பெட்டியை முறைப்படி ஏற்காது. கட்டாரில் இருக்கும் தம்பி, "கிளவுட் எடுங்க காக்கா, கரைச்சல் இல்ல" என்றான். அவனுக்குக் கரைச்சல் இல்லைதான். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியதைப் பார்த்தவன் நான். ரூபாவில் சம்பளம் எடுத்துக்கொண்டு மாதாமாதம் டொலரில் கட்ட மனம் வரவில்லை.

ட்ரூநாஸ் நல்ல சாமான், ஆனால் குறைந்தது 8 ஜிபி ரெம் கேட்கும். அன்ரெய்டுக்குக் காசு. ஓப்பன்மீடியாவோல்ட் டெபியனுக்கு மேல் கட்டியது, பிரவுசரில் கிளிக் பண்ணியே எல்லாம் செய்யலாம். லினக்ஸ் பழகாதவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். நான் போட்டது வெறும் டெபியன், டெஸ்க்டொப் கூட இல்லாமல். ஒரு பதிப்புக்கு ஐந்து வருடமளவு பாதுகாப்புத் திருத்தம் வரும். நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகி பிள்ளைகளின் கார்ட்டூனைக் குழப்பாது. பாடப்புத்தகத்தில் "பணிசெயல் முறைமை" என்று படிப்பிக்கிறோமே, அது சத்தமில்லாமல் பணி செய்தால் போதும் எனக்கு.

கரண்ட் விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4 ஆக போர்மட் பண்ணினேன். திடீரென்று நின்றாலும் அது எழுதும் வேலைகளைக் குறித்து வைத்திருப்பதால் பெரும்பாலும் தானாகச் சீராகி எழும்பும். பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆகும்படி ஒரு தெரிவு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

சிஸ்டம் தெரிவு ஒரு பின்னேர வேலை. எனக்கு நாட்கணக்கில் யோசனை போனது பகிர்வதில்தான். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்தாட கலியாண வீடியோவையும் இதுக்குள்ள போட்டா ஆரெல்லாம் பாக்க ஏலும்?"

எங்கள் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. பெண்கள் பக்கம் எடுத்த வீடியோ, வீட்டுக்குள் முக்காடில்லாமல் எடுத்த போட்டோ எல்லாம் அதில் இருக்கின்றன. வைஃபை பாஸ்வேர்டோ மச்சான்மார், பக்கத்து வீட்டுப் பொடியன்கள், டியூஷனுக்கு வருபவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

டிஎல்என்ஏ என்றால் டீவி உடனே கண்டுபிடிக்கும். ஆனால் அதில் பாஸ்வேர்டே இல்லை, வைஃபைக்குள் வந்த யாருக்கும் தெரியும். என்எஃப்எஸ் வேகமானது. சாதாரணமாக அமைத்தால் அது ஐபி முகவரியையும், வரும் கருவி சொல்லும் பாவனையாளர் இலக்கத்தையும் அப்படியே நம்பும். விண்டோஸ் ஹோமில் அதற்கான வசதியும் கிடையாது. மிஞ்சியது சம்பா. 1992இல் அவுஸ்திரேலியாவில் அண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர் தொடங்கியது. விண்டோஸ் பேசும் எஸ்எம்பியையே பேசும், ஆளுக்கு ஆள் வேறு பாஸ்வேர்ட் கொடுக்கலாம். போனில் விஎல்சி இருந்தால் போதும், திறக்கும்.

ஆகவே பயானும் கார்ட்டூனும் மட்டும் டிஎல்என்ஏயில். குடும்பப் போல்டர் சம்பாவில், எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும். "பிரவுசபிள் நோ" என்று போட்டு மறைத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னார். அது பெயரைத்தான் மறைக்கும், பூட்டுப் போடாது. "வெலிட் யூசர்ஸ்" வரியில் பெயர்களை எழுதினால்தான் பூட்டு. போட்டோப் போல்டரை ரீட் ஒன்லி ஆக்கி, புதிதாகப் போடுவதற்கு வேறு போல்டர் வைத்தேன். லெப்டொப்பில் வைரஸ் வந்தாலும் அதன் வழியாகப் பழையதை அழிக்க முடியாது.

பழைய டீவி பொக்ஸ் வேலை செய்யவில்லை என்று எஸ்எம்பி1ஐத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வொன்னக்ரை பரவியது அந்த ஓட்டையால்தான். சம்பாவும் 2019இலிருந்து அதை மூடியே தருகிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2004 டிசம்பர் 26இல் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் கடலோடு போயின. வாப்பாவின் வாலிப முகம் இன்று எங்களிடம் இருப்பது, தங்கச்சி அதற்கு முன்பே கண்டிக்குக் கொண்டுபோன மூன்று போட்டோக்களில் மட்டும்தான். அவை இப்போது ஸ்கேன் ஆகி அந்தப் போல்டரில் இருக்கின்றன, வாப்பாவின் குரல் உள்ள ஒரு கெசட்டும்.

சேர்வர் எங்கள் ஊரில், கடலுக்குக் கிட்ட. அதனால் இரண்டாவது டிஸ்க் தங்கச்சி வீட்டு அலுமாரியில். அதை எக்ஸ்ஃபெட் ஆக வைத்திருக்கிறேன். ஈஎக்ஸ்டி4ஐ விண்டோஸ் தானாகத் திறக்காது. எனக்கு ஏதும் ஆனால் அவள் லினக்ஸ் படிக்கவா போகிறாள்? ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் போய்ப் புதிதாக வந்ததைக் கொப்பி பண்ணிவிட்டு வருவேன், இன்ஷா அல்லாஹ்.