வழி சொன்னால் போதுமா?

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பனியன்தான். இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகளில் பெரும்பங்கு எங்கள் ஊரிலிருந்தே போகிறது. "பனியன் கம்பெனியில் என்னென்ன வேலை உண்டு?" என்று எட்டு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடும். "பக்கத்தில் என்னென்ன கல்லூரி உண்டு?" என்று கேட்டால்தான் பல வீடுகளில் பதில் வராது. அதற்குக் காரணம் என்ன என்பதை 2025ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாங்கள் கொஞ்சம் அறிந்துகொண்டோம். தோழியரே, அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அவ்வாண்டு மே 8ஆம் நாள் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்தது. சமூக சேவைக் குழுவுக்குப் பொறுப்பான சிஸ்டர், ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த எங்கள் ஆறு பேரை அழைத்தார். பள்ளிக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் தேர்வு எழுதிய அக்காமார் எத்தனை பேர், மேற்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டு வரும்படி சொன்னார். "கேட்டு வந்தால் போதும், அறிவுரை வேண்டாம்" என்றும் சொல்லி அனுப்பினார். ஆனால் நாங்கள் அறிவுரையோடுதான் போனோம். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள் ஆயிற்றே! கல்வியின் சிறப்பைப் பற்றி முதல் வீட்டிலேயே ஐந்து நிமிடம் பேசிவிட்டோம்.

அந்த வீட்டு அம்மா வாசலில் அமர்ந்து துணிகளில் பிசிறு வெட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பாப்பா, படிப்பு நல்லதுன்னு எங்களுக்கும் தெரியும். எங்க போகணும், யாரப் பாக்கணும், என்ன எழுதிக் குடுக்கணும்? அதைச் சொல்லு" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பரிசு வாங்கிய பேச்சு அங்கே உதவவில்லை.

திரும்பி வந்து சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் முதலில் நாம் படிப்போம்" என்றார். பள்ளியின் கணினி அறையில் இரண்டு நாள் அமர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதினோம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் என்று ஒரு பக்கம். எங்கள் ஊரிலேயே 1966இல் தொடங்கிய சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், 1971இல் தொடங்கிய எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன என்று மறு பக்கம். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்கு மதிப்பெண் கணக்கிடுவார்கள் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு, கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2024 டிசம்பர் 30 அன்று அது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

நோட்டோடு மறுபடி போனோம். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் ஆக ஐம்பதுதான் என்று சொன்னதும் அதே அம்மா, "ஐம்பதாயிரமா?" என்று திகைத்தார். "ஐம்பதே ரூபாய் அம்மா" என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. கல்லூரி என்றாலே லட்சம் என்று யாரோ சொன்னதை நம்பி, மகளை அடுத்த திங்கட்கிழமை முதல் கம்பெனிக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தார்.

அந்த லைன் வீடுகளில் இருப்பவர்கள் தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். காலை எட்டரைக்கு வேலைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வர இரவு எட்டரை, ஒன்பது ஆகிறது. சனிக்கிழமை சம்பளம்; ஞாயிறு விடுமுறை. அலுவலகங்களுக்கும் ஞாயிறு விடுமுறைதான்! ஒரு சான்றிதழுக்காக ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று நாங்கள் எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! அதை நினைத்து வெட்கப்பட்டோம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் காலைத் திருப்பலி முடிந்ததும் பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சு போட்டு அமர்ந்தோம். ஐந்து ஞாயிறுகளில் மூன்று அக்காமாருக்கு விண்ணப்ப வேலை செய்தோம். முதல் வீட்டு அக்காவுக்கு மகளிர் கலைக் கல்லூரியில் பி.காம். கிடைத்தது. இரண்டாமவர் எங்கள் பள்ளியிலேயே படித்தவர். பொறியியலில் விருப்பம் உள்ளவர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்கு, கலந்தாய்வில் கிடைக்கும் தொழிற்கல்வி இடத்தின் பயிற்றுக் கட்டணத்தை அரசே ஏற்கும் சலுகை 2010 முதல் உண்டு. அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். இதைச் சொன்னதும் அவருடைய அப்பாவின் முகம் வாடிவிட்டது. சிங்கர் டெய்லரான அவர், "எங்க வம்சத்துல ஒருத்தரும் படிக்கலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம்மா?" என்றார். எங்களுக்கு நா எழவில்லை. சிஸ்டர்தான், "ஐயா, அந்தத் தாளில் 'முதல்' என்ற சொல் இருக்கும். அது உங்கள் மகளைக் குறிக்கும்" என்றார். மறுநாள் அவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போனார். சான்றிதழ் வந்ததும் அதை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எங்களிடம் கொண்டு வந்து காட்டினார். அந்த அக்கா இன்று கோவையில் படிக்கிறார்.

மூன்றாமவரைப் பற்றி எழுத எங்களுக்குக் கை வரவில்லை. ஆயினும் எழுதத்தான் வேண்டும். அவர் ஒடிசாவிலிருந்து சிறு வயதில் வந்தவர். ஆறாம் வகுப்பு முதல் இங்கே அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, மூவரிலும் அதிக மதிப்பெண் பெற்றவர். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தாளையும் அவர்தான் படித்து அம்மாவுக்கு ஒடியாவில் சொல்ல வேண்டும். அவரது விண்ணப்பத்தைப் பதிந்தவர்கள் நாங்கள். தொலைபேசி எண் கேட்ட இடத்தில் அப்பாவின் எண்ணை எழுதினோம். அவரோ சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். ரகசிய எண் அந்தத் தொலைபேசிக்குப் போனது. அது அணைந்து கிடந்தது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த நாளைதான் கடைசி நாள். மாலைவரை எண் கிடைக்கவில்லை. காலியிடங்களுக்கு மறுபடி சேர்க்கை உண்டு என்று சிஸ்டர் விசாரித்துச் சொன்னபோது, அக்கா செக்கிங் வேலையில் சேர்ந்து, வீட்டு வாடகைக்காக முன்பணமும் வாங்கிவிட்டார். அவர் எங்களைக் கோபிக்கவில்லை. "பரவாயில்லை கண்ணு" என்று அவர் சிரித்ததுதான் எங்களை அதிகமாக வருத்தியது.

பள்ளி திறந்ததும் எங்கள் கணித ஆசிரியையிடம் இதைச் சொல்லி அழுதோம். அவர் எங்களுக்கு ஒரு வரலாறு சொன்னார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலும் எங்கள் ஊர்போலத் துணி தைக்கும் தொழிற்கூடங்கள் ஏராளம். அவற்றில் உழைப்போரில் பலர் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்த, ஸ்பானிய மொழி பேசும் மக்கள். அந்நகரின் கிழக்கே கார்ஃபீல்டு என்னும் பள்ளியில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பொலிவியாவிலிருந்து வந்த ஜெய்மே எஸ்கலாண்டே என்ற ஆசிரியர் உயர்கணிதம் கற்பித்தார். 1982இல் அவருடைய மாணவர் 18 பேர் கல்லூரி நிலைத் தேர்வில் வெற்றி பெற்றனர். தேர்வு நடத்தியவர்களோ அவர்களில் 14 பேர்மீது ஐயம் கொண்டனர். 12 பேர் மறுபடியும் தேர்வு எழுதினர். பன்னிரண்டு பேரும் மறுபடியும் வென்றனர். "இரண்டாம் முறை எழுதுவது இழிவல்ல. உங்கள் அக்காவுக்கும் இரண்டாம் முறை உண்டு. உங்களுக்கும்தான் உண்டு" என்றார் ஆசிரியை.

அன்று முதல் அந்த அக்காவின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போகிறோம். அவருக்கென்று ஒரு தொலைபேசி எண் வாங்கி, அதை எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். முன்பணம் கழிந்துவிட்டது. அவர் அம்மாவிடம் நாங்களே பேச வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு ஒடியாச் சொற்களையும் கற்றுக்கொண்டோம். எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். அடுத்த விண்ணப்பம் எங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின் வரும். அன்றிரவு ரகசிய எண் வந்து சேரும்வரை எங்களில் ஒருவரும் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

எம்மாவு ஊருக்குச் சோர்ந்து நடந்த சீடர் இருவரோடு இயேசு ஆண்டவர் உடன் நடந்தார்; பொழுது சாய்ந்தபோது அவர்களோடு தங்கவும் செய்தார். மறைக்கல்வி வகுப்பில் பல முறை கேட்ட இந்நிகழ்ச்சியின் பொருள் எங்களுக்கு லைன் வீட்டு வாசலில்தான் விளங்கியது. அன்புத் தோழியரே, உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அக்கா இருப்பார். அவருக்குக் கையால் வழி காட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். கல்லூரி வாசல்வரை அவரோடு கூடவே போய் வாருங்கள்.