மிச்சக் கேபிள்

லேன் பார்ட்டியில் பிங் எகிறினால் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் இன்னொரு கேபிள் போட்டால் சரியாகிவிடும். வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்விட்சுகளாக இருந்தால், போட்ட சில நொடிகளில் ஆட்டமே நின்றுவிடும்.

ஈதர்நெட்டின் குணம் அது. ஐபி பாக்கெட்டின் தலைப்பில் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூஜ்யத்தைத் தொட்டதும் பாக்கெட்டின் கதை முடியும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அந்த எண் கிடையாது. எல்லோருக்குமான பிராட்காஸ்ட் ஃப்ரேம் ஒன்று இரண்டு கேபிள்களின் வளையத்தில் சிக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் மற்ற போர்ட்டுகளுக்குத் தன் நகலைத் தள்ளும். வளையமே இல்லாமல் பிராட்காஸ்ட் என்ன செய்யும் என்பதை 1993 டிசம்பரில் வந்த 'டூம்' காட்டியது. முதல் பதிப்பு ஆட்டத் தகவலை பிராட்காஸ்டாக அனுப்பியதால், விளையாடாதவர்களின் கம்ப்யூட்டர்களும் அந்தப் பாக்கெட்டுகளை எடுத்துப் பார்க்க நேர்ந்தது. கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகள் திணறின.

வளையத்தை அடக்கியவர் ரேடியா பெர்ல்மன்.

1980களில் அவர் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தார். ஸ்விட்சுகளின் முன்னோடிகளான பிரிட்ஜ்களை எப்படி இணைத்தாலும் ஃப்ரேம் சுற்றக் கூடாது. நெட்வொர்க் எவ்வளவு வளர்ந்தாலும் ஒவ்வொரு பிரிட்ஜும் இதற்காகச் செலவிடும் நினைவகம் கூடக் கூடாது. இந்தக் கணக்கை மேலதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டு ஒரு வாரம் விடுமுறையில் போனார். அன்றிரவே பெர்ல்மனுக்கு விடை பிடிபட்டது. திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து முழு விவரத்தையும் எழுதி முடித்தார். யாரிடமாவது காட்ட வேண்டும். காட்ட வேண்டியவரோ ஊரில் இல்லை. வேறு எதிலும் மனம் செல்லாமல், மீதி நாட்களில் அந்த வழிமுறையையே கவிதையாக்கினார். ஜாய்ஸ் கில்மரின் 'ட்ரீஸ்' கவிதையை அடியொற்றிய 'அல்காரைம்', 1985இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கமாகவே அச்சேறியது. அந்த வழிமுறைதான் ஸ்பானிங் ட்ரீ. பிரிட்ஜ்கள் தங்களுக்குள் பேசி, மிகச் சிறிய அடையாள எண் உள்ளதை வேராக்கிக்கொள்கின்றன. வேரை அடையும் செலவு குறைந்த வழி மட்டும் திறந்திருக்கும், மற்றவை அடைபடும். ஒரு கேபிள் அறுந்தால் அடைபட்டது திறக்கும்.

கேமிங் அரங்கில் லேக்கைத் துப்பறிய இந்த மரத்தைப் படிக்க வேண்டும். அடையாள எண்ணில் முன்னுரிமை எண் முன்னும் மேக் முகவரி பின்னும் வரும். யாரும் மாற்றாவிட்டால் ஸ்விட்சுகளின் முன்னுரிமை எண் 32768. எல்லாம் சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி வெல்லும். அது பெரும்பாலும் பழைய ஸ்விட்சுடையது. மூலையில் கிடக்கும் அந்தப் பழசு வேராகிவிட்டால் வேகமான கேபிள்கள் அடைபட்டு, போக்குவரத்து அதன் வழியே நெளியும். கம்ப்யூட்டரைச் செருகி 30 வினாடி எதுவும் நகராவிட்டால், அந்தப் போர்ட் பழைய முறைப்படி 15 வினாடி கேட்டு, 15 வினாடி கற்கிறது என்று பொருள்.

மரம் அடைத்த கேபிளை மீட்டுத் தருவது பாண்டிங். இரண்டு கேபிளையும் கட்டி மரத்திடம் ஒன்றாகக் காட்டுவதால் வளையம் இல்லை, இரண்டும் உழைக்கின்றன. ஆனால் தனி ஆட்டக்காரரின் பிங் இதனால் குறையாது. பாக்கெட்டுகளின் வரிசை குலையாதிருக்க, ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில்தான் போகும். 1,500 பைட்டை 1 ஜிகாபிட் கேபிளில் ஏற்ற 12 மைக்ரோ வினாடி ஆகும். நான்கைக் கட்டினாலும் அதே 12. சாலையில் தடம் கூடுகிறது, வண்டியின் வேகம் கூடுவதில்லை. நார்வேயின் ஹாமரில் ஈஸ்டர் வாரத்தில் கூடும் 'தி கேதரிங்' போன்ற பெருங்கூட்டத்தில் கதை வேறு. பலர் ஒரே நேரத்தில் அப்டேட் இறக்கும்போது சின்னஞ்சிறு ஆட்டப் பாக்கெட்டுகள் அவற்றின் பின்னால் காத்துக் கிடக்கும். பாண்டிங் அந்த வரிசையைக் குறைக்கும்.

பெர்ல்மன் தன் மரத்தோடு நின்றுவிடவில்லை. ஃப்ரேமின் மேல் குறைந்துகொண்டே வரும் எண்ணைப் பொருத்தி, அடைபட்ட வழிகளையும் பயன்படுத்தும் 'ட்ரில்' நெறிமுறையை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 2011இல் வெளியான அதன் ஆவணமான ஆர்எஃப்சி 6325இன் முன்னுரை, அவருடைய மகன் எழுதிய 'அல்காரைம் வி2' கவிதையோடு தொடங்குகிறது.