குளிர்ந்த எஞ்சினும் அவசரச் செய்தியும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். வாகனங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. கடந்த மார்கழியில் எனது பழைய மொறிஸ் மைனர் கற்பித்த பாடம் என் தொழிலையும் சேர்த்துத் தொட்டதால் இன்று எழுதுகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் என் வீடு. வாடைக் காற்றும் மழையுமாக நான்கு நாட்கள் கழிந்திருந்தன. காரை வெளியே எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு மனைவியைக் கண் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. சோக்கை இழுத்து ஸ்ராட் செய்தேன். எஞ்சின் இருமியது, உடல் முழுவதும் குலுங்கியது, கார்பரேற்றர் வழியே 'டப்' என்று வெடித்து நின்றுவிட்டது. நான்கு முறை அப்படியே. ஐந்தாம் முறை எப்படியோ பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும், எதுவுமே நடவாதது போல் சீராக ஓடியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் இலக்கம் கடந்து போயிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. மழைக்கு முதல் நாள், வழக்கமாகப் போகாத ஓர் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் பெற்றோல் அடித்திருந்தேன். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அந்த ஐயத்துக்குப் பின்னால் பழைய அனுபவம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளை நம்மில் எவரும் மறக்கவில்லை. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது சீனன்குடாவில் நிற்க, அந்த ஊர் மக்களே ஒரு போத்தல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்தோம். அதன் பிறகு பெற்றோல் என்றாலே மனம் சந்தேகப்படுகிறது. அன்று பிற்பகலே எழுத உட்கார்ந்தேன். கலப்படம் பற்றிய காரசாரமான கட்டுரை. நிலையத்தின் பெயரும் அதில் இருந்தது.

மாலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குத் தொலைபேசினேன். யாழ்ப்பாணத்தில் தொழில் பழகி இங்கே வந்து குடியேறியவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐயா, விடிய நான் வருமட்டும் வண்டியைத் தொடாதேங்கோ. குளிர்ந்தபடி கிடக்கட்டும்" என்றார். குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி.

காலையில் வந்தவர் தாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வைத்தார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தோம். அடியில் தண்ணீர் இல்லை. வெள்ளைத்தாளில் சில துளிகள் விட்டார். சற்று நேரத்தில் கறையின்றி உலர்ந்தது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை தங்கியிருக்கும். "மண்ணெண்ணெயெண்டால் மணத்திலையே பிடிப்பன் ஐயா. அதிலை எத்தினை வருசம் கார் ஓட்டினனாங்கள்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மை. 1990இல் போர் மீண்டும் வெடித்தபின் வடக்கே எரிபொருளுக்குத் தடை வந்தது. யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரிவது திரவமன்று, ஆவிதான் என்ற உண்மையை ஒரு தலைமுறையே அன்று கைப்பழக்கத்தால் கற்றுக்கொண்டது.

பெற்றோலுக்கும் அதே விதிதான். எமது ஊரில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் ஓடும் எஞ்சினின் நீர் 80 பாகையை எட்டும். அதனோடு ஒப்பிட்டால் எமது மார்கழிக் காலையும் எஞ்சினுக்குக் குளிரே. பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் உலோகச் சுவர்களில் படிந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடுதல் பெற்றோல் வேண்டும். அதைத் தருவதே சோக். இந்தக் காரின் எஸ்.யு. கார்பரேற்றரில் சோக்கை இழுத்தால், பெற்றோல் வரும் ஜெற் கீழே இறங்கும். அதனுள் நிற்கும் கூரிய ஊசியைச் சுற்றி இடைவெளி அகலும். புதிய கார்களில் இந்த வேலையைக் கணினி செய்கிறது. எஞ்சின் நீரின் வெப்பத்தை அளக்கும் உணரி பொய் சொன்னால், அங்கேயும் இதே இருமல் வரலாம்.

மெக்கானிக் அடுத்து டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கடற்காற்றின் ஈரம் அதற்குள் படிவது இங்கே வழக்கம். துடைத்தார். பொறி நன்றாகவே வந்தது. ஒருமுறை ஸ்ராட் செய்து, எஞ்சின் நின்றதும் பிளக் ஒன்றைக் கழற்றினார். உலர்ந்து வெளிறிக் கிடந்தது. "பெற்றோல் காணாது எண்டு பிளக் சொல்லுது" என்றார். பிறகு என்னை உள்ளே இருத்திச் சோக்கை இழுக்கச் சொல்லி, தான் கார்பரேற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இழுத்தாச்சோ ஐயா?"

"இழுத்தாச்சு தம்பி."

"இஞ்சை ஒண்டும் அசையேல்லை."

உப்புக்காற்றில் சோக் கேபிளின் உட்கம்பி துருவேறி மேலுறைக்குள் இறுகியிருந்தது. மேலுறையைப் பிடித்திருந்த கவ்வியும் தளர்ந்திருந்தது. நான் இழுத்தபோதெல்லாம் உறையும் கம்பியும் சேர்ந்து நகர்ந்தன. ஜெற் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் நெம்பைக் கையால் தள்ளிப் பிடித்தபடி ஸ்ராட் செய்யச் சொன்னார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேறு சான்று தேவைப்படவில்லை. புதிய கேபிள் போட்டு, கவ்வியை இறுக்கி, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டதோடு வேலை முடிந்தது.

அவர் போனபின் யோசித்தேன். மழைக்கு முந்திய வாரங்களிலேயே கார் காலையில் சற்று முனகியது. நான் பொருட்படுத்தவில்லை. சூடானபின் கார் ஒழுங்காக ஓடியதே, அந்தத் தடயத்தையும் கவனிக்கவில்லை. பெற்றோல் கெட்டிருந்தால் சூடான எஞ்சினிலும் ஏதேனும் குறை தெரிந்திருக்கும். குமிழ் வெளியே வந்தது, ஆகவே சோக் வேலை செய்கிறது என்று நம்பினேன். மறுமுனையில் போய்ப் பார்க்கவில்லை. இளம் நிருபர்களுக்கு ஆண்டுக்கணக்காக நான் சொல்லிவந்த முதல் பாடம், அறிக்கையை நம்பாதே, இடத்துக்குப் போய்ப் பார் என்பதுதான்.

கட்டுரையை அழித்துவிட்டேன். அது வெளியாகியிருந்தால், அங்கே பெற்றோல் அடிக்கும் இளைஞன்தான் முதலில் வேலையை இழந்திருப்பான்.

அடுத்த வாரம் அதே நிலையத்துக்குப் போனேன். அவனே வந்தான். "அண்டைக்கு வந்த மொறிஸ் எல்லோ ஐயா, நல்லா ஓடுதோ?" என்று கேட்டான். "நல்லா ஓடுது தம்பி" என்றேன். தாங்கியை நிரப்பச் சொன்னேன்.