தேதி இருக்கிற பக்கம்

எங்கள் அதியமான்கோட்டை காலனியில் முழு அட்டை மாத்திரை வாங்குகிறவர்கள் குறைவு. கையிலுள்ள காசுக்கு நாலு மாத்திரை. கடைக்காரர் கத்தரித்துத் தருவார். காலாவதி தேதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடும். (அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனிக்குத் தேதி பார்க்க வேண்டியிருக்கவில்லை!)

இளைய தோழர்களுக்கு நினைவிருக்காது. 2010 மார்ச்சில் சென்னையில் ஒரு கும்பல் பிடிபட்டது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் கொட்டிய காலாவதி மருந்துகளை எடுத்து, தேதியை மாற்றி, மறுபடி கடைகளுக்கே விற்றிருந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்தில் கலப்படம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 276இன்படி அதிகபட்சம் ஓராண்டு சிறை, 5,000 ரூபாய் அபராதம். இவ்வளவுதானா என்று எங்களுக்கும் கோபம் வந்தது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டம்தான் கடுமையானது: போலி மருந்தால் உயிர் போனால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. ஆனால் அந்தச் சட்டத்தில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; மருந்து ஆய்வாளரிடம் போக வேண்டும். கட்டணம் கட்டி நாமே மருந்தைச் சோதனைக்குக் கொடுக்க 26ஆம் பிரிவு இடம் தருகிறது. வாங்கியதற்குச் சான்று பில்தான். நாலு மாத்திரைக்கு யார் பில் போடுகிறார்கள்?

இப்போது எங்கள் பெண்கள், "அண்ணே, பில்லு போடுங்க, தேதி இருக்கிற பக்கத்தையே வெட்டிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். முறைத்துக்கொண்டேதான் கொடுக்கிறார்கள்.