கர்ஸ்ட் கிளாஷ்: ஒரு சோகக் கதை

மக்களே, ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச கதை இது. அனிமே பார்க்காதவங்களும் தாராளமா படிக்கலாம். காசு போட்டு ஏமாந்த எல்லாருக்கும் புரியுற சோகம்தான்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நண்பனுக்கு ராஜபாளையம். பஸ்ல அரை மணி நேரம். பிளஸ் டூ படிக்கும்போது எங்களைச் சேர்த்து வச்சது 'ஜுஜுட்சு கைசென்'. கெகே அகுதாமி வரைஞ்ச மாங்கா, 2020-ல மாப்பா ஸ்டூடியோ அதை அனிமேவா எடுத்தாங்க. முதல் சீசன்ல யூஜியும் டோடோவும் சேர்ந்து ஹனாமியோட மோதுற சண்டை இருக்கே... டோடோ ஒரு கை தட்டு தட்டினா ஆளுங்க இடம் மாறிடுவாங்க. யார் எங்க இருக்காங்கன்னே எதிரிக்குப் புரியாது. எங்க ஆளு அதைப் பார்த்துட்டு பஸ் ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து கை தட்டுவான். இடம் மாறினதே இல்லை. கண்டக்டர் முறைச்சதுதான் மிச்சம்.

2024 பிப்ரவரியில 'ஜுஜுட்சு கைசென்: கர்ஸ்ட் கிளாஷ்' வந்துச்சு. ரெண்டு பேருக்கு ரெண்டு பேர் மோதுற கேம். டிரெய்லர் பார்த்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். நான் யூஜி, அவன் டோடோ. பரீட்சை முடிஞ்சு, அவன் சென்னைக்குப் படிக்கப் போறதுக்கு முன்னாடி ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். என் பாதி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொந்தக்காரங்க கையில வச்ச காசு.

அவன் வீட்டுல அண்ணனோட பிஎஸ்4. ரெண்டு கன்ட்ரோலருக்கும் சார்ஜ் போட்டு, கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் மெனுவையே தேடினோம். ஒரே டிவியில ரெண்டு பேர் ஆட வழியே இல்லை! ஜோடி சேரணும்னா இன்டர்நெட் வழியா, ஆளுக்கு ஒரு மெஷின் வச்சுக்கிட்டு சேரணும். வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிக்காதது எங்க தப்புதான், ஒத்துக்கறேன்.

சரி, மாத்தி மாத்தி ஆடுவோம்னு ஆரம்பிச்சோம். கதைப் பகுதியில அனிமே காட்சிகளைப் புகைப்படம் மாதிரி நிறுத்தி வச்சு, கீழே எழுத்து ஓடுது. மாப்பாகாரங்க அசைய வச்சு அசத்தின காட்சி, இங்க ஆல்பம் மாதிரி நிக்குது. இதைவிட எங்க ஆளு பஸ்ல கையை ஆட்டி ஆட்டி சொன்ன கதை எவ்வளவோ மேல்.

சண்டையும் அப்படித்தான். சாதாரண குத்து, உதையெல்லாம் எதிரியோட உயிரைக் குறைக்காது. நம்ம சாப சக்தியைத்தான் ஏத்தும். அந்தச் சக்தியை வச்சு அடிக்கிற அடிதான் உயிரைக் குறைக்கும். யோசிச்சுப் பார்த்தா கதைக்கு இது நியாயம்தான். சாப ஆவிகளைச் சாப சக்தியால மட்டும்தானே அடிக்க முடியும்? ஆனா பத்து குத்து குத்தியும் ஒண்ணும் ஆகலைன்னா கைக்கு என்ன ருசி இருக்கு? உப்பில்லாத சாம்பார்.

கடைசியில அண்ணனோட அலமாரியில இருந்து 'டிராகன் பால் ஃபைட்டர் இசட்' எடுத்தோம். 2018-ல ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் பண்ணினது. உருவமெல்லாம் முப்பரிமாணம்தான், ஆனா வேணும்னே சில ஃபிரேம்களை விட்டுவிட்டு அசைய வச்சு, கையால வரைஞ்ச மாதிரியே காட்டியிருப்பாங்க. ஒவ்வொரு அடியும் விழுறது தெரியும். முக்கியமா, ரெண்டு கன்ட்ரோலர் சொருகினா போதும். அன்னிக்கு அவன் என்னைப் பதினாலு தடவை தோற்கடிச்சான். அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப் போனாங்க. புதுசா வாங்கினதை அப்புறம் தொடவே இல்லை.

ஆகஸ்ட்ல அவன் பொதிகை எக்ஸ்பிரஸ்ல கிளம்பினான். ராஜபாளையத்துல ஏறினா அடுத்து எங்க ஊரு. அரைக் கிலோ பால்கோவாவோட பிளாட்ஃபாரத்துல நின்னேன். வண்டி கொஞ்ச நேரம்தான் நிக்கும். பொட்டலத்தைக் கொடுத்தேன், "போய் போன் பண்றேன்டா"ன்னான், வண்டி நகர்ந்துடுச்சு. கதவுகிட்ட நின்னு ஒரு கை தட்டினான். வழக்கம்போல இடம் மாறலை. அவன் போனான், நான் நின்னேன்.

இப்போ யோசிச்சா, அந்த கேம் தூரத்துல இருக்கிறவங்களுக்காகப் பண்ணினது. நாங்க வாங்கினது பக்கத்துல உட்கார்ந்திருந்தப்போ. இப்பதான் எங்களுக்குச் சரியா பொருந்தும், ஆனா ரெண்டு பேருக்கும் ஆட மனசு வரலை. லீவுக்கு வந்தா ஃபைட்டர் இசட்தான்.

அதனால மக்களே, நண்பனோட ஆட கேம் வாங்குறவங்க, ஒரே டிவியில ஆட முடியுமான்னு முதல்ல பாருங்க. ஆன்லைன் மட்டும்தான்னு போட்டிருந்தா அவசரப்படாதீங்க. அவன் ஊரை விட்டுப் போனப்புறம் வாங்கிக்கலாம்.